காலனிக்கு ஒரு தனிச் சாவடி

சிவசங்கரி ஆட்டோவிலிருந்து இறங்கிய இடத்தோடு சிமெண்ட் ரோடு முடிந்திருந்தது. நிறுத்தப்பட்டிருந்தது என்று சொல்வதுதான் சரி. ஆந்திர எல்லையோர ஓடைக்கண்டிகை ஊரின் மேற்கு வீதியில், கடைசி வீட்டு வாசலுக்கு நேராக, அளவுகோல் வைத்துக் கீறினாற்போல நின்றுவிட்டது. அதற்கு அந்தண்டை, காலனி வரைக்கும் அரைக் கிலோமீட்டரும் சேறு.

"இதுக்கு மேல வண்டி போவாது மேடம். போன வாரம் பால் வண்டியே மாட்டிக்கினு ட்ராக்டர் வச்சு இழுத்தாங்க" என்றார் ஆட்டோக்காரர்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். காலனி முனையில் பால் ஊற்றும் கொட்டகை. ஏழெட்டுப் பெண்கள் கேன்களோடு உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கிட்டே வந்ததும் பேச்சு அறுந்தது. முன்பெல்லாம் ‘வாடி சங்கரி’ என்று கேனைத் தள்ளி இடம் போடுகிற தாட்சாயணி இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்:

"உஷாரா இருங்கடீ. யார் யார் எத்தினி தபா தும்முனோம்னு படம் போட்டுக்கினு போவ மேடம் வந்துகிறாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் சிவசங்கரியைப் பயமுறுத்தியது.

வீட்டில் தம்பி கோபிகிருஷ்ணன் வா என்றுகூடச் சொல்லாமல் போனை நீட்டினான். "இத்தப் பாரு."

மண்டலத்தின் வரைபடம். சாவடிக்கு ஒரு புள்ளி. எல்லாப் புள்ளிகளும் ஏதோ ஒரு வெளிர் நிறத்தில் இருக்க, ஒன்று மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. ‘ஓடைக்கண்டிகை காலனி: 412 – 37.’ கீழே தெலுங்கில், ‘இவர்களை மறந்துவிடாதீர்கள்.’ மூலையில் எறும்பு எழுத்தில் வரைபடம் வரைந்தவர் பெயர்: டாக்டர் எம். சிவசங்கரி.

"இது ஒன் பேரு தானே?"

"என் பேருதான். ஆனா இத நான் போடல, கோபி."

"பின்ன யாரு? பெருமாளே மலையிலிருந்து எறங்கி வந்து போட்டாரா?" அவன் குரல் உயர்ந்தது. "ரோடு காலனி வரிக்கும்னுதான் சாங்ஷன் ஆச்சு. ரிசல்ட் வந்துச்சு. இந்தப் படம் எல்லார் போனுக்கும் வந்துச்சு. ரோடு நின்னு போச்சு. பாலையாகிட்ட போயி கேட்டா, ‘நானூத்திப் பன்னெண்டு பேரும் எவனுக்கு ஓட்டுப் போட்டீங்களோ அவன வந்து ரோடு போடச் சொல்லுங்க’ன்றாரு."

பாலையா மேற்கு வீதிக்காரர். ஆளும் கட்சிக்கு மண்டலத்தில் அவர்தான் எல்லாம். காலனி ஓட்டு தோற்ற கட்சிக்குப் போயிருந்தது.

அப்பா முனியப்பன் மூலையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது. மகள் வந்தால் முதலில் ‘துன்னியாமா?’ என்று கேட்கிறவர், இன்று கடலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கிளம்பும்போது கோபி சேற்றோரம் வரை வந்தான். "கொஞ்ச நாளைக்கு வராத க்கா. நைனாவ நான் பாத்துக்கறேன். நீ வந்துட்டுப் போனா, அடுத்து இன்னா ஆவும்னு எல்லாரும் என் வாயப் பாக்கறாங்க."

*

ஐம்பத்தோரு வயதில், பிறந்த இடத்துக்கு வராதே என்று சொல்லப்பட்ட சிவசங்கரி அந்த இடத்தை வைத்துத்தான் பெயரெடுத்தவள்.

அப்பா அம்மா இருவரும் ஊரார் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அரசாங்கம் கொடுத்த ஒரு ஏக்கர் பின்னால் வந்தது. அஞ்சாவது வரை காலனிப் பள்ளியில் தமிழ். ஆறாவதுக்கு நாகலாபுரத்தில் தெலுங்கு. முதல் நாள் சுவரில் ஜில்லா வரைபடம் தொங்கியது. ஒரு எழுத்தும் படிக்கத் தெரியவில்லை. ஆனால் மலை வளைகிற விதத்தையும் ஏரியின் வடிவத்தையும் வைத்துத் தன் இடத்தில் சரியாக விரல் வைத்துவிட்டாள். எழுத்து தெரியாமலே படிக்க முடிந்த ஒன்றை அவள் பிறகு விடவேயில்லை. திருப்பதியில் புவியியல் எம்.ஏ., அங்கேயே பி.எச்டி., அங்கேயே வேலை.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் வாக்குச்சாவடி. மனிதர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், ஓட்டுப் போட எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், யார் வாசலைத் தாண்டி நடக்கிறார்கள், அந்த நடை அவர்கள் ஓட்டை என்ன செய்கிறது. புவியியல்காரர்கள் இது அரசியல் என்றார்கள். அரசியல் துறையினர் இது வெறும் நடை என்றார்கள். பின்னாலிருந்து ‘பூத் மேடம்’ என்றார்கள். நகரியிலிருந்து தடா வரைக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு சாவடிகளை நடந்து பார்த்தாள். கட்சிக்காரர்கள் அவளைச் சர்வேக்காரி என்று நினைத்தார்கள், அதிகாரிகள் பத்திரிகைக்காரி என்று. கிராமத்து ஜனங்கள் ரேஷன் கார்டைப் பிடுங்க வந்தவள் என்று கதவைச் சாத்தினார்கள். முப்பது வருஷத்தில் முதல் பார்வையில் யாரும் அவளை நம்பியதில்லை. அவளும் யாரையும் நம்பாமலிருக்கப் பழகிக்கொண்டாள். ஒரே கதவெண்ணில் பத்தொன்பது வாக்காளர்களைப் பார்த்தவள், ஆபீஸ் நாற்காலியிலேயே அளக்கப்பட்ட தூரங்களைப் பார்த்தவள், வேறு எப்படி இருப்பாள்?

இத்தனைக்கும் ஆரம்பம் ஒரு வரிசைதான். காலனிக்கு ஓட்டு அப்போது ஊர்ப் பள்ளியில். ஏரிக்கரை தாண்டி பஸ் ரோட்டில் இருந்தது. வண்டிப் பாதையில் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ‘ஊர் லைன் முடியட்டும்’ என்று யாரோ கை காட்டினார்கள். ஊர் லைன் முடிய மத்தியானம் ஆனது. அம்மா வெயிலில் மயங்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே நகர்ந்து போய் ஓட்டுப் போட்டாள்.

பேராசிரியர் ஆனதும் சிவசங்கரி முதலில் எழுதிய மனு அதற்குத்தான். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் யாரையும் நடக்கவைக்கக் கூடாது என்பது விதி. அளந்து, படம் போட்டு, ஆறு வருஷம் எழுதி, இப்போது நடந்து முடிந்த தேர்தலுக்கு முன்னால் காலனிப் பள்ளியிலேயே ஒரு தனிச் சாவடி வாங்கிவிட்டாள். நூற்றுப் பதினெட்டாம் எண். காலை ஏழு மணிக்கு முதல் ஆளாக அப்பா நின்ற போட்டோ அவள் அறையில் மாட்டியிருந்தது.

*

அந்தக் கறுப்புப் புள்ளிப் படத்தின் மூலப்படம் அவளிடம் இருந்தது. அவளோடு சேர்ந்து ஆய்வறிக்கை எழுதிய ஸௌரிராஜனிடமும் இருந்தது. அறிக்கை அச்சானபோது ஊர்ப்பெயர்களை நீக்கிச் சாவடி எண்களை மட்டுமே விட்டிருந்தார்கள். பெயர்ப் பட்டியல் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரிடமும் கிடையாது. அவள் கொடுக்கவில்லை. அப்படியானால்?

ஸௌரிராஜன் புள்ளியியல் துறை. திருமலைக் கோயிலில் தலைமுறையாகக் கைங்கர்யம் செய்யும் குடும்பம். கேண்டீனில் சுற்றிலும் தெலுங்கு ஓட, இவர்கள் இரண்டு பேர் மட்டும் அவரவர் தமிழில் பேசிக்கொள்வார்கள். பன்னிரண்டு வருஷப் பழக்கம். ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால், கொஞ்ச நாளாக அவரிடம் ஏதோ சரியில்லை. லேப்டாப் பையோடு இரண்டு ஆண்கள் அவர் அறைக்கு வந்தார்கள். கதவு சாத்தப்பட்டது. அவள் தட்டிவிட்டு நுழைந்ததும் மேஜையில் இருந்த காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். அடுத்த வாரமும் அதே இரண்டு பேர். மூன்றாம் முறை அவர்களை வாசல்வரை கொண்டுவிட்டுத் திரும்பியவர், தாழ்வாரத்தில் அவளைப் பார்த்து அசடு வழிந்தார்.

சர்வே கம்பெனி. வேறு யார்?

அன்றே கணினியின் கடவுச்சொல்லை மாற்றினாள். அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். பாதி எழுதிய கட்டுரையில் அவர் பெயரை அழித்தாள், மறுபடி சேர்த்தாள், மறுபடி அழித்தாள். நாலாம் நாள் போனை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனாள்.

"ஸார், நேராவே கேட்கிறேன். நம்ம மேப்பை யாருக்காவது கொடுத்தீங்களா?"

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படத்தைப் பார்த்தார். "அடடா. உங்க ஊர்னா இது?"

"மூணு தடவை ரெண்டு பேர் வந்தாங்க. கதவைச் சாத்திக்கிட்டுப் பேசினீங்க. அவங்க யாரு?"

ஸௌரிராஜன் அவளைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்து, அது இருமலாகி, தண்ணீர் குடித்து அடங்கினார். "நம்ம அலர்மேலுக்கு வரன், மேடம்! பையனும் அவன் அத்திம்பேரும். பெங்களூர்ல சாஃப்ட்வேர், அதான் அந்தப் பை. ஆத்துக்கு வரச்சொன்னா மாட வீதி பூரா தெரிஞ்சுடும், இங்கே வாங்கோன்னேன். போன தடவை கேண்டீன்ல நான் வாயை விட்டுத்தான் ஹைதராபாத் வரன் தட்டிப்போச்சுன்னு ஆத்துக்காரிக்குக் கோபம். நிச்சயம் ஆறவரைக்கும் உங்ககிட்டகூட மூச்சுவிடப்படாதுன்னு உத்தரவு. நான் கவுத்து வச்சதைப் பார்த்தேளே, அது ஜாதகம்."

சிவசங்கரிக்குக் காது சுட்டது. ஆனாலும் விடவில்லை. "அப்ப இந்த நம்பர்? பெயர்ப் பட்டியல் நம்ம ரெண்டு பேர்கிட்டதானே இருக்கு?"

"பட்டியல் எதுக்கு?" அவர் தன் கணினியைத் திருப்பினார். "எந்தச் சாவடியில யாருக்கு எத்தனைன்னு எண்ணி முடிச்சதும் சர்க்காரே போட்டுடறது. நூத்துப் பதினெட்டு, ஓடைக்கண்டிகை காலனிப் பள்ளி. நானூத்திப் பன்னெண்டு, முப்பத்தேழு. எட்டாங்கிளாஸ் படிச்சவன் பார்த்துச் சொல்லிடுவான். அழகா இருக்கேன்னு அறிக்கையில அச்சான உங்க படத்தை எடுத்து மேலே எழுதியிருக்கான், அவ்வளவுதான்." முந்தைய தேர்தலின் தாளையும் திறந்தார். "இதோ பாருங்கோ. அப்போ காலனிக்குன்னு எண்ணே கிடையாது. ஊரும் காலனியும் நூத்துப் பதினேழுல ஒண்ணாக் கிடந்தது. ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு. அதுல எது யாரோடதுன்னு பிரம்மாவுக்கும் தெரியாது."

அதோடு நிறுத்திக்கொண்டார். தனிச் சாவடியைக் கேட்டு வாங்கியது யார் என்பது அவருக்குத் தெரியும். அதைச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

தன் அறைக்கு வந்து பழைய ஆய்வேட்டை எடுத்தாள். ஆய்வின் குறைபாடுகள் என்ற அத்தியாயத்தில், இருபத்தேழு வயதுச் சிவசங்கரி வருத்தத்தோடு எழுதியிருந்தாள்: ‘ஓடைக்கண்டிகையில் இரு குடியிருப்புகளும் ஒரே சாவடியில் வாக்களிப்பதால், காலனியின் வாக்கு யாருக்குச் சென்றது என்பதை எவ்வகையிலும் அறிய இயலவில்லை.’

எவ்வகையிலும். அந்தச் சொல்லில் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சுவரில் அப்பா மையிட்ட விரலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை, வராதே என்று சொன்ன இடத்துக்கே போனாள். பால் ஊற்றும் நேரம். எல்லாரும் இருந்தார்கள். கோபி அவளைப் பார்த்ததும் கேனை ‘ணங்’கென்று வைத்தான்.

"படத்த யாரும் யாருக்கும் விக்கல. நான்தான் பண்ணேன்" என்றாள் சிவசங்கரி. "படத்தாலே இல்ல. தனி பூத் கேட்டேனே, அதாலே. முன்னே ஊர் ஓட்டோட நம்ம ஓட்டு கலந்து கெடந்துச்சு. இப்ப தனியா எண்றாங்க. தனியாத் தெரியுது. இத்தன வருஷம் இதையே படிச்ச எனக்கு அது தோணல."

தாட்சாயணி கேன் மூடியை அழுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"தோணலியா?" என்றாள் தாட்சாயணி. "அம்மாம் பெரிய படிப்புல அது இல்லியா?"

"இருந்துச்சு. பாக்கல."

முனியப்பன் முதல்முறையாக வாயைத் திறந்தார். "ஓட்டுப் போட்டு வெளில வந்தா ரெண்டு கட்சிக்காரனும் வாசல்லியே நிப்பான். ‘எவரிகி வேசாவு, முனியப்பா?’ம்பான் ஒருத்தன். ‘மீகே சாமி’ம்பேன். இந்தாண்டை வந்தா இன்னொருத்தன் தமிழ்ல கேப்பான், யாருக்குடா போட்டேன்னு. ‘ஒங்களுக்குத்தாங்க’ம்பேன். ஒங்கம்மாளும் அதான் சொல்லுவா. காலனியே அதான் சொல்லும். அவனுங்க பாதி நம்புவானுங்க, பாதி நம்பமாட்டானுங்க. அடுத்த தபா வரிக்கும் அத்த வச்சிக்கினுதான் ஓட்டுவோம்." கடைவாயைத் துடைத்துக்கொண்டார். "இந்த தபாவும் பாலையாகிட்ட ‘மீகே’ன்னுதான் சொன்னேன். ரிசல்ட் அன்னிக்கு வந்து என் மூஞ்சியவே பாத்துக்கினு நின்னான்."

"அதுக்காவ திரும்ப ஊர்ப் பள்ளிக்கே போவலாம்ன்றியா?" தாட்சாயணி எழுந்துவிட்டாள். "ஒங்கம்மா மயங்கி உக்காந்தது மறந்து பூட்ச்சா? நான் போவமாட்டேன்பா."

"நாம போவ வேணாம்" என்றாள் சிவசங்கரி. "அவங்க இங்க வரட்டும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் குச்சியை எடுத்து ஈரமண்ணில் கீறினாள். பஸ் ரோடு, ஊர்ப் பள்ளி, ஏரிக்கரை, மேற்கு வீதி, காலனி. "மேற்கு வீதிக்காரங்க ஊர்ப் பள்ளிக்குப் போக ஒண்ணரைக் கிலோமீட்டர். நம்ம பள்ளிக்கு அரை. சாவடிகளை மாத்தி அமைக்க இப்ப பட்டியல் போட்டிருக்காங்க. ஆட்சேபம் இருந்தா எழுதிக் குடுக்க ஒரு வாரம் டைம். அந்த வீதியை நம்ம பூத்துல சேக்கச் சொல்லிக் கேக்கலாம். முன்னூத்தி நாப்பது ஓட்டு. கலந்துடும்."

"பாலையா வீதிய? காலனி பள்ளிக்கா?" கோபி கேட்டான். "ஒனக்குப் பைத்தியம் புட்ச்சிருக்குக்கா."

"இதுலயும் ஏதாச்சும் கெட்டுதுன்னா? திரும்பி வந்து, ‘நான் பாக்கல’ன்னு சொல்லுவியா?" என்றாள் தாட்சாயணி.

சிவசங்கரி யோசித்தாள். "கெடலாம். கெடாதுன்னு நான் சொல்லல."

அந்தப் பதில்தான் எதையோ கொஞ்சம் தளர்த்தியது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அப்பாதான் சொன்னார். "எழுது. ஆனா ஒன் பேரு அதுல எங்கியும் இருக்கக் கூடாது. ஒன் பேரப் பாத்தா பாலையா ஒண்ணுக்கு ரெண்டா நெனைப்பான். நம்ம ஜனமும் நெனைக்கும்."

அவள் தெலுங்கில் மனு எழுதினாள். எத்தனையோ கட்டுரைகளின் அடியில் போட்ட பெயரை இதில் போடாமல், அப்பாவிடம் நீட்டினாள். முனியப்பன் என்று தமிழில் ஒவ்வொரு எழுத்தாகக் கோணல்மாணலாக எழுதினார். பின்னால் இருபத்து மூன்று பேர். தாட்சாயணி பேனாவை வாங்கி, ஒவ்வொரு வரியையும் கோபியைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, கடைசியாகப் போட்டாள்.

*

தாசில்தார் ஆபீஸில் மனுவைப் பற்றிக் கருத்துக் கேட்கக் கட்சிக்காரர்களைக் கூப்பிட்டு வைத்திருந்தார்கள். சிவசங்கரி உள்ளே போகவில்லை. வராந்தாவில் ஜன்னலோரமாக நின்றாள். பாலையா வரும்போதே அவளைப் பார்த்துவிட்டார்.

"ஏம் மேடம், இதி மீ பனேனா?" என்று கண்ணைச் சுருக்கினார். பிறகு தமிழில், "ஒங்க வேலைதானே இது?"

"நான் திருப்பதி ஓட்டர்ங்க. இங்க எனக்கு என்ன வேலை?"

"அதான் நானும் யோசிச்சிக்கினு இருக்கேன்."

உள்ளே அவர் மேஜையைத் தட்டியது வெளியே கேட்டது. எங்கள் வீதிப் பெண்கள் காலனிக்குப் போய் வரிசையில் நிற்பதா என்றார். பெண் தாசில்தார் அசரவில்லை. "ஒன்றரை பெரியதா, அரை பெரியதா, நீங்களே சொல்லுங்கள்" என்று தெலுங்கில் கேட்டார். இரண்டு நாள் முன்பே ஆள் வைத்து அளந்திருந்தார். பக்கத்து இருக்கையில் மேற்கு வீதியின் ஜெகநாதன், எதிர்க்கட்சிக்காரர், தன் முழங்காலைத் தடவிக்கொண்டே, ‘ஏரிக்கரை ஏறுவதற்கு இது மேல்’ என்று மெதுவாகச் சொன்னார். பாலையா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை ஜன்னல்வரை வந்தது.

மேற்கு வீதியைக் காலனிச் சாவடியில் சேர்த்து உத்தரவு பதினைந்து நாளில் வந்தது. காலனியில் யாரும் கொண்டாடவில்லை. என்ன வருமோ என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவசங்கரி திருப்பதியில் ஒவ்வொரு போன் மணிக்கும் திடுக்கிட்டாள். மேற்கு வீதிக்காரர்கள் தகராறு செய்தால்? பள்ளிக்குப் பூட்டுப் போட்டால்?

சங்கராந்திக்கு முந்தின வாரம் கோபி கூப்பிட்டான். "க்கா, ஜல்லி வந்துகீது."

"எங்கே?"

"ரோட்டுக்குத்தான். பாலையாவே நின்னு கொட்டிக்கினு கிறாரு. நீ வந்து பாத்துட்டுப் போ."

அவள் போய்ச் சேர்ந்தபோது ரோடு பாதிச் சேற்றைத் தாண்டியிருந்தது. பாலையா குடையோடு நின்று வேலையாட்களை விரட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்: "எங்க வீதிப் பொம்பளைங்க பொடவையத் தூக்கிக்கினு சேத்துல வருவாங்களா? ஒருத்தி வீட்ட விட்டு எறங்கமாட்டா. அந்த முன்னூத்தி நாப்பது இல்லாம நான் என்னா பண்றது?"

பிறகு, பால் கேனைத் தூக்கிக்கொண்டு வந்த முனியப்பனைப் பார்த்தார். வெகுநாள் கழித்து அந்தக் கேள்வியைக் கேட்டார். "எவரிகி முனியப்பா, ஈசாரி? அடுத்த தபா யாருக்கு?"

முனியப்பன் கேனைக் கீழே வைத்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "மீகே சாமி."

பாலையா அவர் முகத்தையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கண் மெல்ல நகர்ந்து கோபிக்குப் போனது, தாட்சாயணிக்குப் போனது. அவளும் "மீகே" என்றாள், கேட்காமலே. அடுத்து அந்தக் கண் ரோட்டின் அந்தக் கோடிக்குத் திரும்பி, தன் சொந்த வீதியில் சாத்தியிருந்த கதவுகள் ஒவ்வொன்றையும் பார்த்தது. ஜெகநாதன் வீட்டுக் கதவில் கொஞ்சம் கூடுதலாக நின்றது.

குடையை மடக்கிக்கொண்டு, காயாத சிமெண்ட்டில் கால் படாமல் ஓரமாகவே நடந்து போனார். போகிறபோது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

"துன்னியாமா?" என்று கேட்டார் அப்பா.